தலைக்காயத்தை வாசித்த கண்கள்

தலையில் அடிபட்டவருக்குப் பெரிய ஆபத்து வெளியே வழியும் இரத்தத்தில் இல்லை. மண்டையோட்டுக்கு உள்ளே கசியும் இரத்தத்தில் இருக்கிறது. சரிவில் விழுந்தவர் எழுந்து நிற்பார், பேசுவார், "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லி லயத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். சில மணி நேரத்தில் நினைவு தப்பிவிடும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மேட்டுத் தோட்டங்களில் அந்தச் சில மணி நேரம் பாதையிலேயே கழிந்துவிடலாம். அதனால், தலைக்குள்ளே இருப்பதை மனிதன் எப்படிப் பார்க்கக் கற்றான் என்ற வரலாறு நமக்கும் உரியது.

பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி, தம்முடைய 'அத்தஸ்ரீப்' நூலின் முப்பதாம் பகுதியில் மண்டையோட்டு முறிவுகளைப் பற்றி எழுதினார். துளைக்கும்போது மூளைக்குள் இறங்கிவிடாதபடி தடுப்பு வைத்த கருவியையும் விளக்கினார். ஆனால் அவருக்கு இருந்தவை கண்ணும் விரலும்தான். 1895இல் ரொன்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே எலும்பைக் காட்டியது. உள்ளே கசிந்த இரத்தத்தைக் காட்டவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது சீ.டி. ஸ்கேன். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி, லண்டன் அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் மூளை இப்படிப் படமெடுக்கப்பட்டது. கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்கான கணக்கைத் தந்த கோர்மக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றார்கள். கணினி படத்தை வரைந்தது, வாசித்தது மருத்துவர்தான்.

வாசிப்பிலும் கணினி கைவைத்த கதைக்கு முக்கியமான இடம் இந்தியா. மும்பையின் கியூர்.ஏஐ நிறுவனத்தார், இருபதளவான நிலையங்களின் 313,318 தலை ஸ்கேன்களைத் திரட்டி, அவற்றைக் கொண்டு தங்கள் அல்காரிதத்துக்குப் பயிற்சி கொடுத்துச் சோதித்தார்கள். (பக்தாதின் அல்குவாரிஸ்மி பெயரிலிருந்து பிறந்த சொல்தான் அல்காரிதம்.) ஸ்கேன்களோடு மருத்துவர்கள் எழுதிய அறிக்கைகளும் இருந்தன. அதாவது, இயந்திரம் படித்த பாடம் மனிதர் எழுதியது. பிறகு வேறு 491 ஸ்கேன்களை மூன்று மூத்த கதிரியக்க நிபுணர்களின் முடிவோடு ஒப்பிட்டார்கள். 2018இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவின்படி, இரத்தக் கசிவைக் கண்டுபிடிப்பதில் அதன் அளவீடு 0.94. பிழையே இல்லை என்றால் 1. காசு சுண்டிப் பார்ப்பது போன்றதென்றால் 0.5. நல்ல புள்ளிதான், முழுப் புள்ளி இல்லை.

இதன் உண்மையான பயன் வரிசையை மாற்றுவது. நிபுணரின் பார்வைக்குக் காத்திருக்கும் படங்களில், கசிவு இருக்கலாம் எனத் தோன்றுவதை இது முன்னுக்குக் கொண்டுவரும். தீர்ப்பு மருத்துவருடையது.

ஆனால் ஸ்கேன் மேசைவரை நோயாளி வந்து சேரவேண்டுமே! தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று இலங்கையில் 1872இலேயே தனிச் சட்டம் வந்தது. இந்திய உதவியில் கட்டிய டிக்கோயா ஆஸ்பத்திரி 2017இல் திறக்கப்பட்டது. இப்போது 1990 சுவசெரிய அம்புலன்ஸும் உண்டு. ஆனாலும் லயத்திலிருந்து பெரிய பாதைக்கு ஆளைத் தூக்கி வருவதை எந்த அல்காரிதமும் செய்யாது.

ஆகவே முதல் வாசிப்பு நம்முடையது. அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், பேச்சுக் குழறினால், எழுப்பியும் சரியாக எழாவிட்டால், "தூங்கட்டும், விடிஞ்சதும் பார்க்கலாம்" என்று விட்டுவிடக் கூடாது.