முதலில் பட்டியல், பிறகு படுகொலை

பினாங்கு வரலாறு – 17

1867 ஆகஸ்ட். பினாங்கின் ஜார்ஜ் டவுன் தெருக்களில் பத்து நாள் ரத்தக்களரி. ஒரு பக்கம் கீ ஹின் என்ற சீன ரகசியச் சங்கமும் வெள்ளைக்கொடிக் கூட்டமும். எதிர்ப்பக்கம் தோ பே கோங் சங்கமும் செங்கொடிக் கூட்டமும். கொடிக் கூட்டங்கள் இரண்டிலும் மலாய்க்காரர்கள் இருந்தார்கள், தமிழ் முஸ்லிம்கள் இருந்தார்கள், இரு வம்சமும் கலந்த ஜாவி பெக்கான்களும் இருந்தார்கள். செங்கொடியின் தலைவர் ஆச்சே தெரு சையது முகமது அல்-அத்தாஸ். அவருக்குத் தோள் கொடுத்தவர் தோ பே கோங் தலைவர் கூ தியான் தெய்க். சீனரைச் சீனர் வெட்டினார்கள், முஸ்லிமை முஸ்லிம் தாக்கினார்கள், சீனருக்கு மலாய்க்காரர் துணைக்கு வந்தார்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தொழில் போட்டி, சங்கப் பகை, பேட்டை ரவுடித்தனம் எல்லாம் இருந்தன. ஆனால், ஒருவன் எந்த அணி என்பதை அவன் இனம் தீர்மானிக்கவில்லை. சரியாக 75 ஆண்டுகள் கழித்து, இதே ஊரில் சீனராகப் பிறந்ததே ஒருவரைச் சந்தேக வரிசையில் நிறுத்தப் போதுமானதாக இருந்தது. இடையில் என்ன நடந்தது?

கட்டம் போட்டவர்கள்

1786-ல் ஃபிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைக்கொண்ட பிறகு சமூகத்துக்கு ஒரு கப்பித்தான், அதாவது தலைவர், என்ற ஏற்பாடு வந்துவிட்டது. சீனருக்குக் கோ லே ஹுவான், தென்னிந்திய முஸ்லிம்களுக்குக் காதர் முகைதீன். ஆனாலும் ஊர் கலந்தே கிடந்தது. இன்றைக்கும் கப்பித்தான் பள்ளிவாசலிலிருந்து கிளம்பினால், சீனரின் கருணைத் தெய்வக் கோயில், குயின் தெரு மகா மாரியம்மன் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாவற்றையும் கால்நடையாகவே பார்த்து வரலாம்.

பிரிவினை இறுகியது காகிதத்தில்தான். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனப்பெயர்கள் வெறும் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. 1891-ல் சீனர், மலாய்க்காரர், தமிழரும் பிற இந்தியரும் முதலிய பெருந்தலைப்புகள் முளைத்து, மற்றதெல்லாம் அவற்றின் கீழ் போயின. ஆச்சேக்காரரும் ஜாவாக்காரரும் ஒரே கட்டத்துக்குள் வந்தார்கள்.

மலாயா தீபகற்பம் முழுக்கப் பிழைப்பும் அதே கட்டப்படி பிரிந்தது. ஈயச் சுரங்கத்தில் சீனர், நெல்வயலில் மலாய்க்காரர், பால்மரக் காட்டில் தமிழர். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த நம்மவர்கள் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டு, பிறகு கங்காணி பின்னால் தோட்டத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் படித்த பள்ளிகளும் வேறு வேறு. ஒருவர் வீட்டுச் சாவு அடுத்தவருக்குத் தெரியாத வாழ்க்கை. நிர்வாகத்துக்கு அது வசதியாக இருந்தது. கூலி கேட்டு எல்லோரும் ஒன்றாக எழமாட்டார்கள் அல்லவா?

கப்பல் ஏறிய காவலர்கள்

1941 டிசம்பர் 11. ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மேல் குண்டு போட்டன. விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற கூட்டம் அப்படியே சரிந்தது. அடுத்த சில நாட்களில் ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் கப்பல் ஏறினார்கள். 17-ஆம் தேதி விடிந்தபோது ஊரில் அரசாங்கம் இல்லை. தொண்டர் படையில் இருந்த ஆசியர்களும் வரலாம் என்றார்கள். ஆனால், அவர்கள் குடும்பத்துக்கு இடமில்லை என்றார்கள். பெரும்பாலோர் பெண்டு பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டார்கள்.

கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி அப்போதும் பறந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷார் போய்விட்டது தெரியாமல் ஜப்பானியர் மறுபடியும் குண்டு போடுவார்களே! அந்தக் கொடியை இறக்கியவர் இலங்கைத் தமிழர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. எல்லாச் சமூகத்தினரையும் சேர்த்துச் சேவைக் குழு ஒன்றை அமைத்து, கொள்ளையைத் தடுத்து, அரிசி கிடைக்க வழி செய்தார். 19-ஆம் தேதி ஜப்பானியர் வந்து சேரும் வரை ஊரைக் காத்தது இந்தக் குழுதான்.

கோடும் ரோடும்

வெள்ளைக்காரர் போட்ட கோட்டில் ஜப்பான்காரர் ரோடு போட்டார்கள். சீனா மீது ஜப்பான் நடத்திய போரில் தாய்நாட்டுக்கு நிதி திரட்டித் தந்தவர்கள் மலாயாச் சீனர்கள். ஆகவே சீனர் அனைவரும் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். சிங்கப்பூரில் 1942 பிப்ரவரியில் தொடங்கிய 'சூக் சிங்' எனும் களையெடுப்பு ஏப்ரலில் பினாங்குக்கும் வந்தது. சீனர்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். தலையை மூடிக்கொண்ட ஓர் ஆள் எதிரே உட்கார்ந்திருப்பான். அவன் தலையசைத்தால் லாரி. விசாரணை கிடையாது, மேல்முறையீடு கிடையாது. சுங் லிங் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் அப்படித்தான் போனார்கள். போருக்குப் பின் தோண்டி எடுக்கப்பட்ட எலும்புகளுக்கு ஆயர் ஈத்தாமில் நினைவுத்தூண் இருக்கிறது. மிஞ்சியவர்களிடம் 5 கோடி வெள்ளி (டாலர்) தண்டம் கேட்டார்கள். அதில் பினாங்கின் பங்கு 70 லட்சம்.

மற்ற இனங்களுக்கும் தனித்தனி விலை வைத்தார்கள். மலாய்க்காரரைப் போலீஸில் சேர்த்துச் சீனர் மேல் ஏவினார்கள். இந்தியருக்குச் சுதந்திரம் வாங்கித் தருவதாகச் சொன்ன அதே ஆட்சி, தோட்டத் தமிழரை 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனது. மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000-க்கும் மேல். பெரும்பாலோர் தமிழர். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள்.

1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் கணக்குத் தீர்ப்பு தொடங்கியது. ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டுக் காட்டிலிருந்து வெளிவந்த, பெரும்பாலும் சீனர்களைக் கொண்ட கெரில்லாக்கள் 'துரோகி' என்று சுட்டவர்களில் மலாய்ப் போலீஸ்காரர்கள் பலர். ஜொகூரின் பத்து பகாட்டிலும் பேராக்கிலும் அது சீனர்–மலாய்க்காரர் கலவரமாக மாறிப் பல உயிர்களைக் குடித்தது.

இது மலாயாவின் கதை மட்டுமல்ல. ருவாண்டாவில் 1930-களில் ஹுட்டு, டுட்சி என்று அடையாள அட்டையில் அச்சடித்தது பெல்ஜியம். 1994-ல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் காடையர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது; தமிழர் வீடுகளைத் தேட வேண்டிய வேலையே அவர்களுக்கு இல்லை. பெயர்ப்பட்டியல் தானாகக் கொல்லாது. கொல்ல நினைப்பவனுக்கு அது பாதி வேலையை முடித்து வைத்திருக்கும்.

1967 நவம்பர் 24 அன்று பினாங்கில் நடந்த ஹர்த்தாலும் பாடம்தான். பழைய நாணயத்தின் மதிப்பைக் குறைத்து, 100 வெள்ளி 85 ஆனதற்கு எதிராகத் தொழிற்கட்சி அழைத்த கடையடைப்பு அது. பணத்தை இழந்தவர்கள் எல்லா இனத்து ஏழைகளும். ஆனால், பொழுது சாய்வதற்குள் அது மலாய்க்காரர்–சீனர் கலவரமாகிவிட்டது. பிரிட்டிஷார் போய்ப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் போட்ட கட்டங்கள் மட்டும் போகவில்லை.

எனவே, 'இனங்கள் இயல்பாகவே ஒத்துப்போகாது' என்று யாராவது சொன்னால் 1867-ஐ எடுத்துச் சொல்லுங்கள். படிவத்தில் 'இனம்' என்ற இடத்தை நிரப்பும்போது, இது எதற்கு, இதை வைத்து யார் என்ன தீர்மானிக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். அமைதியான காலத்தில்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். லாரி வந்து நின்ற பிறகு கேட்டுப் பயனில்லை.

(தொடரும்)