தண்ணீரிலா, உப்பிலா? பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்து போய்ச் சேர்ந்த கதை



கடந்த பொதுக்குழுவில் ஒரு நல்ல யோசனை வந்தது நினைவிருக்கும். பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கு, தாதுச்சத்து கலந்து கொடுக்கும் குடிநீர் இயந்திரம் ஒன்றை நம் சங்கம் வாங்கித் தரலாம் என்றார் ஒரு நண்பர். பிள்ளைகள் சோகையாக இருக்கிறார்கள், குடிக்கும் தண்ணீரிலேயே இரும்புச்சத்தைச் சேர்த்துவிட்டால் குறை தீரும் என்பது அவர் எண்ணம். எல்லோரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். ஆனால் வங்கியில் வவுச்சர் பார்த்தே ஓய்வு பெற்றவனுக்குப் பழக்கம் விடுமா? செக் எழுதும் முன் பழைய ஏடுகளைப் புரட்டினேன். தண்ணீரில் சத்தைக் கலக்கும் யோசனைக்கு நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கதை தொடங்குவது தூரத்தில். 1900-களின் தொடக்கத்தில் அன்றைய காஷ்மீர் சமஸ்தானத்தைச் சேர்ந்த கில்கிட்டில் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இருந்தார். அங்கே பலருக்குக் கழுத்தில் கழலை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் ஊர்களில், மேலே இருக்கும் ஊரில் கழலை குறைவு, கீழே போகப் போக அதிகம். எனவே தண்ணீரின் அழுக்குதான் காரணம் என்று அவர் நினைத்தார். அந்தத் தண்ணீரின் வண்டலைத் தானே குடித்துச் சோதித்தும் பார்த்தார். முதன்மைக் காரணம் அழுக்கு அல்ல, மண்ணிலும் உணவிலும் அயோடின் இல்லாததுதான் என்று பின்னர் தெளிவானது.

இந்த மெக்காரிசன் நமக்கு அந்நியர் அல்ல. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் அவர் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான், 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. குன்னூர் ஆறு வந்து சேருவது பவானியில். நாம் கோபியில் குடிக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கும் பிறந்த இடம் ஒரே மலை என்று சொன்னால் தப்பில்லை.

அயோடின்தான் குறை என்று தெரிந்ததும் அதை எதில் சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரம் 1923-ல் குடிநீரில் கலந்தது. வருடத்துக்கு இரண்டு முறை, சில வாரங்களுக்கு, ஊர்த் தண்ணீரில் சோடியம் அயோடைடு போட்டார்கள். ஆனால் ஊர்த் தண்ணீரில் மனிதன் குடிப்பது எவ்வளவு? குளிக்க, துவைக்க, செடிக்கு, ஆலைக்கு என்று போனது போக மிச்சம்தானே. போட்ட மருந்தில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போனது. அதே காலத்தில் சுவிட்சர்லாந்து 1922-லும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1924-லும் உப்பில் அயோடின் சேர்த்தன. உப்பை யாரும் வீணாக்குவதில்லை. ஏழையும் பணக்காரரும் தினமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிடுகிறார்கள். உப்பு தயாராகும் இடங்களும் சில, அதனால் அளவைக் கண்காணிப்பது எளிது. உப்பு ஜெயித்தது.

நம் நாட்டில் இதை நிரூபித்தவர் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி. 1956-ல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டில் அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றில் சாதா உப்பும் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஐந்தாறு வருடத்தில், அயோடின் உப்பு சாப்பிட்ட பகுதிகளின் பள்ளிப் பிள்ளைகளிடம் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசியக் கழலை தடுப்புத் திட்டம் வந்தது.

அடுத்தது இரும்பு. இது அயோடினைவிடச் சிக்கல். தண்ணீரில் கலந்தால் காற்றுப் பட்டுப் பழுப்பாகும், வாயில் துருச்சுவை தட்டும். பிரேசிலில் டுட்ரா டி ஒலிவேரா என்ற பேராசிரியரின் குழு, குழந்தைகள் காப்பகம் ஒன்றின் குடிநீரில் இரும்பு கலந்து கொடுத்து, 1994-ல் முடிவை வெளியிட்டது. பிள்ளைகளின் ஹீமோகுளோபின் நன்றாகவே உயர்ந்தது. ஆகவே நண்பரின் யோசனை வெறும் கற்பனை அல்ல. ஆனால் அங்கே தினமும் ஒருவர் அளந்து கலந்தார், பிள்ளைகள் அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். நாம் மெஷினை மாட்டிவிட்டு ரிப்பன் வெட்டி வந்த பிறகு, அந்த அளவைத் தினமும் யார் பார்ப்பார்கள்?

இரும்பையும் உப்பிலேயே ஏற்றலாமா என்று ஐதராபாத் நிறுவனம் 1970-களிலேயே முயன்றது. இரும்பும் அயோடினும் ஒன்றாக இருந்தால் அயோடின் பறந்துவிடும், உப்பு நிறம் மாறும். இரண்டையும் சண்டையில்லாமல் ஒரே உப்பில் வைக்க அந்த நிறுவனம் ஒரு வழி கண்டது. சென்னையில் வேதிப் பொறியியல் படித்த வெங்கடேஷ் மன்னாரும், டொரான்டோ பல்கலைக்கழகத்தின் டியோசாடியும் இரும்புத் துகளுக்கு மேலுறை போடும் இன்னொரு வழி கண்டார்கள். இப்படி வந்ததுதான் இரட்டைச் செறிவூட்டிய உப்பு. ஐதராபாத் முறைப்படி ஒரு கிராம் உப்பில் ஒரு மில்லிகிராம் இரும்பு, 40 மைக்ரோகிராம் அயோடின்.

கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருந்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவு, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு. 1974-ல் தொடங்கி ராமநாதபுரம் வாலிநோக்கத்தில் உப்பெடுக்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனம், 2004 முதல் இந்த இரட்டை உப்பைச் சத்துணவுக் கூடங்களுக்கு அனுப்புகிறது. புது மெஷின் இல்லை, புது ஆள் இல்லை. சாம்பாரில் போடும் உப்பு மாறியது, அவ்வளவுதான்.

சரி, இது நம் பக்கத்துப் பள்ளியிலும் நடக்கிறதா? நேரில் போய்ப் பார்த்தேன். சத்துணவு அமைப்பாளர் அம்மா பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். "இந்த உப்பத்தானுங்க சார் போடறோம். பசங்களுக்கு வாரம் ஒருக்கா மாத்திரையும் உண்டுங்க. ஆனா ஊட்டுக்குப் போனா வெறும் டீயும் பன்னும்தானுங்க" என்றார். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஏறாது என்பது நமக்கும் பாடம்.

எல்லாம் இருந்தும் சோகை தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016-18-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்புப்படி 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேருக்கும், வளரிளம் பருவத்தினரில் 28 சதவீதம் பேருக்கும் சோகை. உப்பு ஒரு கை கொடுக்கும். குடற்புழு நீக்கம், கீரை, பயறு, முட்டை, மாத்திரை எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

தண்ணீருக்கு இன்னொரு பாடமும் உண்டு. அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் பல் சொத்தையைத் தடுக்க 1945-ல் குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்தது. நமக்கு அடுத்த தருமபுரி, கிருஷ்ணகிரியில் நிலைமை நேர் எதிர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருந்து பிள்ளைகளின் பல் கறுத்தது, எலும்பு பாதித்தது. அதற்காகவே ஜப்பான் கடனுதவியுடன், சுமார் 1,928 கோடி ரூபாயில், ஒகேனக்கல் காவிரி நீர் 2013-ல் கொண்டுவரப்பட்டது. ஓர் ஊர் சேர்த்ததை இன்னோர் ஊர் நீக்க வேண்டியிருந்தது. எந்த ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

நம் வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்கும் இது பொருந்தும். அது கால்சியம், மக்னீசியம் எல்லாவற்றையும் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். இந்தியத் தர நிர்ணயப்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது. பவானித் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையா என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலில், அந்தப் பள்ளியின் போர் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிப்போம். ஃபுளோரைடோ உப்போ மிகுதி என்று அறிக்கை வந்தால் சுத்திகரிப்பு மெஷின் வாங்கலாம், நானே முன்மொழிகிறேன். தண்ணீர் நல்லதென்றால், அதே பணத்தில் குழாயும் கழிவறையும் சரி செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணையோடு வருடம் இரண்டு முறை ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வோம். இரண்டாவது பரிசோதனையில் எண் ஏறியதா இல்லையா என்று பார்த்து, அதையும் இதே இதழில் எழுதுகிறேன்.

யோசனை சொன்ன நண்பர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். பிள்ளைகளை நினைத்தவர் அவர். நான் செய்தது வவுச்சரைச் சரிபார்த்தது மட்டுமே.