சாட்சிகளின் திருநாள்

ஆசிரியர் கருத்தரங்கொன்றின் பொருட்டு மஹரகமைக்குச் சென்றிருந்த நாட்களில் நுகேகொடையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். அன்று நவம்பர் முதலாந் திகதி. பக்கத்து வீட்டில், மன்னாரைப் பிறந்த ஊராகக் கொண்ட கத்தோலிக்க மூதாட்டியொருவர் அதிகாலையிலேயே கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கி யார்ட திருநாள் அம்மா?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கெண்டு இல்லை சேர், எல்லாப் புனிதருக்கும். பேர் தெரியாதவைக்கும் சேர்த்துத்தான்" என்றார்.

பெயர் தெரியாதவர்க்கும் ஒரு திருநாள் என்பது என்னைச் சிந்திக்க வைத்தது. அந்தோனியார், லூசியா, செபஸ்தியார் என்று பெயருக்கொரு திருநாள் கொண்டாடும் சமூகம், பெயரற்றோருக்கென ஒரு நாளை ஏன் ஒதுக்கிற்று?

முதலில் பெயரை நோக்குவோம். பழைய தமிழ்க் கத்தோலிக்க நூல்கள் இதனைச் 'சகல அர்ச்சியசிஷ்டர் திருநாள்' என்றன. வணக்கத்துக்குரிய சான்றோர் என்பது அவ்வடமொழித் தொடரின் பொருள். இன்று 'புனிதர் அனைவர் பெருவிழா' என வழங்குகின்றது. கொழும்பு பொரளையில் இப்பெயரிலேயே ஓர் ஆலயமுண்டு. சிங்களத்தார் புனிதரைச் 'சாந்துவரயா' என்பர். அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற 'சாந்து' என்ற சொல்லின் வழிவந்தது. தெல்லிப்பளைப் பேதுருப் புலவர் 1647இல் பாடிய அம்மானையின் தலைவர் 'சந்தியோகுமையோர்' பெயரிலும் அதே சொல் ஒளிந்திருக்கின்றது. ஆங்கிலத்தில் புனிதரைக் குறித்த பழஞ்சொல் 'ஹாலோ'. அத்திருநாளுக்கு முந்திய மாலையே 'ஹாலோவீன்'. கொழும்பு ஹோட்டல்களில் பேய் முகமூடியோடு அதனைக் கொண்டாடும் இளைஞர் பலர் அது புனிதர்களின் முன்னிரவு என்பதை அறியார். பெருநாளை முந்திய மாலையிலேயே தொடங்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. வியாழன் மஃரிபுக்குப் பின் வருவதைத்தானே நாம் வெள்ளி இரவென்கிறோம்?

இனித் தோற்றம். ஆதிக் கிறிஸ்தவர்கள் உரோமப் பேரரசின் துன்புறுத்தலில் உயிர்நீத்தோரை அவரவர் இறந்த நாளில் நினைவுகூர்ந்தனர். கொல்லப்பட்டோர் தொகை பெருகியபோது நாளுக்கொருவர் என்ற கணக்கும் போதவில்லை. பலரது பெயரோ எவருக்கும் தெரியாது. கி.பி. 609 அல்லது 610இல், மே 13ஆந் திகதி, பாப்பரசர் நான்காம் பொனிபாஸ் உரோமிலுள்ள 'பந்தியோன்' எனும் கோயிலை மரியாளுக்கும் சகல வேதசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தார். எல்லாத் தெய்வங்களுக்குமெனக் கட்டப்பட்ட கோயில் எல்லாச் சாட்சிகளுக்கும் உரியதாயிற்று. ஹிறாக் குகையில் நம் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு முதல் வஹீ அருளப்பட்டதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் என்பது நினைக்கத்தக்கது. எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகரி எல்லாப் புனிதர்களுக்குமாக ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835 அளவில் நான்காம் கிரகரியின் காலத்தில் நவம்பர் முதலாந் திகதி மேற்குலகில் நிலைபெற்றது. வேதசாட்சிகள் மட்டுமன்றி, நன்னெறியில் வாழ்ந்து மறைந்த யாவரும் அந்நாளுக்கு உரியவராயினர். கீழைத் திருச்சபைகளோ இதனைப் பெந்தெகொஸ்தேயை அடுத்துவரும் ஞாயிறன்று கொண்டாடுகின்றன.

'வேதசாட்சி' என்ற தமிழ்ச்சொல் இங்கு முக்கியமானது. கிரேக்கத்தில் 'மார்த்துஸ்' என்றால் சாட்சி. அரபில் 'ஷஹீத்' என்பதன் முதற்பொருளும் சாட்சியே. கலிமா ஷஹாதாவை மொழியும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் சாட்சி சொல்பவரே. உயிரைக் கொடுத்தவருக்கு இரு சமூகங்களும் ஒரே பெயரைச் சூட்டியிருக்கின்றன.

மூதாட்டியின் மன்னாருக்கே இக்கதை சொந்தமானது. 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் படை, புதிதாக ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களில் 600 பேரளவில் கொன்றதாகத் திருச்சபை வரலாறு கூறும். பெரும்பாலானோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அவர்களை நினைவுகூர்கின்றது.

நமக்கும் ஒரு நாள் உண்டு. 1990 ஆகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளை ஷுஹதாக்கள் தினமென நினைவுகூர்கின்றோம்.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபட நின்றோரும், ஹோட்டல்களில் இருந்தோருமாக 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொன்றவர்கள் தாங்கியிருந்தவை நம் பெயர்கள். இதை எழுதாமல் கடந்துவிட என் பேனா இடந்தரவில்லை. அவர்களின் உடல்களைப் பொறுப்பேற்க மாட்டோமென ஜம்இய்யதுல் உலமா அறிவித்தபோது, 'ஷஹீத்' எனும் பெயர் அவர்களுக்கில்லை என்று ஊரறியச் சொன்னதாகவே நான் கொண்டேன். பள்ளியில் தொழுதுகொண்டிருந்தவரைச் சுட்டவனுக்கு உரிமையில்லாத அச்சொல், கோயிலில் மன்றாடிக்கொண்டிருந்தவர் நடுவே குண்டை வெடிக்கச் செய்தவனுக்கு எப்படி உரியதாகும்? சாட்சி என்பவர் உயிரைக் கொடுப்பவர், பிறருயிரைப் பறிப்பவரல்லர்.

2025இல், அன்று மாண்ட கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்கள் வத்திக்கானின் விசுவாச சாட்சிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இம்முறை பெயர்கள் தொலையவில்லை.

வலிமாரைக் கொண்டாடுதல் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. கந்தூரியை ஏற்பாரும் மறுப்பாரும் நம் ஊர்களில் உளர். அவ்விவாதத்தை இங்கு நான் தொடவில்லை. அயலவரின் திருநாளுக்குப் பொருள் கேட்டறிவதற்கு அது தடையுமன்று.

அன்று மாலை மூதாட்டி திரும்பி வந்தபோது களைத்திருந்தார். நாளை கனத்தை மயானத்துக்குப் போகவேண்டும், மறுநாள் மரித்தோர் திருநாள் என்றார். பின்பு, "காத்தான்குடியில செத்த சனத்தையும் இண்டைக்கு நினைச்சன் சேர்" என்றார்.

நான் என்ன சொல்வது? "கொச்சிக்கடையை நாங்களும் மறக்கல்ல அம்மா" என்று மட்டும் சொன்னேன்.