மார்பளவு நீரில்: சால்மன் ஆறுகளில் இறங்கி நின்றவர்களின் வரலாறு

தூண்டிலாளர் ஆற்றுக்குள் இறங்கி நின்று மீன்பிடிக்கும் வழக்கம், பிரித்தானியத் தீவுகளின் நீண்ட தூண்டில் மரபில் பிற்காலத்தில் வலுப்பெற்ற ஒன்றாகும். ஐசக் வால்ட்டன் 1653-இல் வெளியிட்ட 'தி கம்ப்ளீட் ஆங்லர்' என்ற புகழ்பெற்ற நூலில் வரும் தூண்டிலாளர் பெரும்பாலும் கரையில் இருப்பவர். தென் இங்கிலாந்தின் சிற்றாறுகளில் மீன் கரையோரமே கிடந்ததால் அவர் கால் நனைக்க வேண்டிய தேவை குறைவு. ஸ்காட்லாந்தின் டுவீட், டே, ஸ்பே போன்ற அகன்ற ஆறுகளில் நிலைமை வேறு. கடலிலிருந்து முட்டையிட மேலேறி வரும் சால்மன் மீன் நடு ஆற்றுப் பாறைகளின் மறைவிலும், பரல் திட்டு முடிந்து கசம் தொடங்கும் விளிம்பிலும் தங்கும். இறகும் நூலும் கொண்டு கட்டிய செயற்கைப் பூச்சியை அதன் முன் கொண்டுசேர்க்க அக்காலத்துத் தூண்டில் கயிற்றின் எட்டுத்தூரம் போதவில்லை. கரையில் அடர்ந்த மரங்கள் பின்வீச்சைத் தடுத்தன. ஆகவே மனிதன் மீனை நோக்கி நீருக்குள் நடக்கலானான். அவன் எவ்வளவு தூரம் நடந்தான், எதை நம்பி நடந்தான் என்பதை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும்: அவனைக் குளிரிலிருந்து காத்த ஒவ்வொரு கண்டுபிடிப்பும் அவனை இன்னும் சற்று ஆழத்துக்குக் கொண்டுசென்றது, அந்த ஆழத்தைப் பற்றிய அறிவோ பல பத்தாண்டுகள் பின்தங்கியே வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் நீரில் இறங்கியவர்கள் கொழுப்புத் தடவிய தோல் காலணிகளையோ சாதாரண உடையையோதான் அணிந்திருந்தனர். தோல் எவ்வளவு எண்ணெய் குடித்திருந்தாலும் சிறிது நேரத்தில் நீர் உள்ளே புகுந்துவிடும். அக்காலத்தின் நிலையை வில்லியம் ஸ்க்ரோப் என்பவர் டுவீட் ஆற்றுச் சால்மன் வேட்டையைப் பற்றி 1843-இல் வெளியிட்ட நூல் தெளிவாகக் காட்டுகிறது. மேற்சட்டையின் ஐந்தாம் பொத்தானுக்கு மேல் நீர் ஏறவிடக் கூடாது என்று அவர் எல்லை வகுத்தார். பிப்ரவரி மாத உறைகுளிரில் நிற்பவர், வேட்டையின் மும்முரத்தில் குளிரின் கடுமையைச் சரியாக உணரமாட்டார் என்பதால், காலுறையைக் கீழே இறக்கித் தம் கால்களைப் பார்க்க வேண்டும். அவை கறுத்தோ ஊதாவாகவோ இருந்தால் கரையேறுவது நல்லது, வெறுமனே சிவந்திருந்தால் தொடரலாம் என்பது அவர் சொன்ன சோதனை. வேடிக்கையான தொனியில் எழுதப்பட்டதாயினும், இக்குறிப்பில் இரண்டு உண்மைகள் பொதிந்துள்ளன. ஆழத்தை அளக்கும் கருவி அவரவர் உடம்பே என்பது ஒன்று. குளிர், உடலைத் தாக்குமுன்பே அறிவை மங்கச் செய்கிறது என்பது மற்றொன்று. அறிவியல் இதை அளந்து சொல்ல மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

ஸ்க்ரோப் நூலை எழுதிய காலத்திலேயே அவருடைய சோதனையைத் தேவையற்றதாக்கும் பொருள் உருவாகிக்கொண்டிருந்தது. கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற நாப்தாவில் ரப்பரைக் கரைத்து இரு துணிகளுக்கிடையே பூசும் முறைக்கு 1823-இல் காப்புரிமை பெற்றார். அத்துணி வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி நிலைப்படுத்தும் முறையை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் 1840-களில் காப்புரிமையாக்கிய பின்னரே நம்பத்தக்க நீர்புகாத் துணி கிடைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ஆங்கிலத்தில் வேடர்ஸ் எனப்படும் நீர்புகாக் காற்சட்டை. பாதத்திலிருந்து இடுப்புவரையோ மார்புவரையோ ஒரே உறையாக அமைந்து, தோள்வாரால் தாங்கப்படுவது.

இந்த உடை தூண்டிலாளரின் வாழ்வை எளிதாக்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆற்றுக்கும் அவருக்கும் இருந்த பழைய உடன்பாட்டை அது முறித்தது. முன்பு அரைமணி நேரத்தில் கால் மரத்துப்போய் மனிதன் தானே கரையேறினான். இப்போது மணிக்கணக்கில் நிற்கலாம்; ஐந்தாம் பொத்தான் என்ற வரம்பு மார்பின் விளிம்புக்கு உயர்ந்தது. ஸ்பே ஆற்றங்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான வீச்சுமுறை, அதாவது கயிற்றைப் பின்னால் எறியாமல் நீர்ப்பரப்பின் மீதே வளையமாகச் சுழற்றி முன்னே செலுத்தும் முறை, இரு கைகளாலும் பிடிக்க வேண்டிய நீண்ட கோலைக் கோரியது. மார்பளவு நீரில், இரண்டு கைகளும் கோலில் இருக்க, பின்னால் செங்குத்தான கரை என நின்றவருக்கு ஆதாரமாக இருந்தவை அவருடைய இரு பாதங்கள் மட்டுமே.

அந்தப் பாதங்களின் நிலை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மூழ்கி இறக்கும் விபத்து பல வேளைகளில் அங்குதான் தொடங்குகிறது. ஓடும் நீர் உடலைத் தள்ளும் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வேகம் இரட்டித்தால் தள்ளுவிசை நான்கு மடங்காகிறது. அதே நேரத்தில், உடல் எவ்வளவு ஆழம் மூழ்குகிறதோ அவ்வளவுக்கு நீர் அதைத் தாங்குவதால், பாதத்தின் மீது இறங்கும் எடை குறைகிறது. எடை குறையக் குறையப் பிடிமானமும் குறைகிறது. முழங்காலளவில் உறுதியாக நின்றவர் இடுப்பளவில் தடுமாறுவதும், மார்பளவில் கால் பாவாமல் மிதந்து நகர்வதும் இதனாலேயே. போதாக்குறைக்கு, நீரோட்டம் பாதத்தைச் சுற்றியுள்ள பரற்கற்களை அரித்துச் செல்வதால், அசையாமல் நின்றாலும் நிற்பவர் சிறிது சிறிதாகத் தாழ்கிறார். பரல் திட்டின் கீழ்முனையை நோக்கி நடப்பவர், இருபுறமும் ஆழமான நிலையில், எதிரோட்டத்தில் திரும்பி ஏற வலுவின்றி அகப்பட்டுக்கொள்வது ஸ்காட்லாந்து ஆறுகளில் நன்கறியப்பட்ட பொறி. விரைந்தோடும் டுவீட்டைவிட அதில் கலக்கும் மந்தமான டில் ஆறே அதிக உயிர்களைக் கொள்வதாகச் சொல்லும் நாட்டார் பாட்டு ஒன்று எல்லைப்புற மக்களிடையே வழங்குகிறது. ஓசையிடும் நீரைவிட ஓசையற்ற நீரை அஞ்ச வேண்டும் என்பதை அம்மக்கள் கணக்குப் பார்த்தே அறிந்திருந்தனர்.

வழுவழுப்பான ரப்பர் அடிப்பாகம் பாசி படர்ந்த பாறையில் நிற்காது. எனவே நீர்புகாக் காற்சட்டையின் மேல் தடித்த தோல் காலணியை அணிந்து, அதன் அடியில் இரும்பு ஆணிகளை அறைந்தனர். பிறகு, கம்பளி இழைகளை நெய்யாமல் அழுத்தி இறுக்கிய ஃபெல்ட் என்னும் தடித்த துணி, வழுக்கும் கல்லில் ஆணியைவிட நன்றாகப் பற்றுவதாகக் கண்டு அதையே அடியாகத் தைத்தனர். மூன்றாவது காலாக ஊன்றுகோல் வந்தது. அதன் அடிமுனையில் கனமான உலோகப் பூண் இட்டதால், கையை எடுத்தாலும் அது மிதந்து சென்று காலில் சிக்காமல், தோளில் கட்டிய கயிற்றில் நிமிர்ந்தே நிற்கும். கருவிகளைவிட மதிப்பு வாய்ந்தவர் கில்லி என்று ஸ்காட்லாந்தில் அழைக்கப்படும் ஆற்று உதவியாளர். எந்தப் பாறைக்கு அப்பால் நிலை கொள்ளாது, மலையில் மழை பெய்தால் எந்தக் கல் முதலில் மறையும் என்பதையெல்லாம் தலைமுறை அறிவாக அவர் வைத்திருந்தார். நீர்விளிம்பில் ஒரு கல்லைக் குறித்துவைத்து அவ்வப்போது திரும்பிப் பார்ப்பதும், சருகும் சுள்ளியும் திடீரென மிதந்து வரத் தொடங்கினால் வெள்ளம் ஏறுகிறது என உணர்ந்து உடனே வெளியேறுவதும் இன்றும் கற்பிக்கப்படும் பாடங்கள்.

இவ்வளவு நல்ல அறிவோடு தீங்கான ஒரு மூடநம்பிக்கையும் வளர்ந்தது. நீர்புகாக் காற்சட்டைக்குள் நீர் நிறைந்தால் அது ஈயம்போல் மனிதனை அடியில் இழுத்துவிடும் என்றும், மாறாக அதனுள் காற்று சிக்கினால் கால்கள் மேலெழுந்து தலைகீழாக மூழ்கடிக்கும் என்றும் தூண்டிலாளர் நம்பினர். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு அச்சங்களும் சேர்ந்தே நிலவின. உண்மையில் நீருக்குள் இருக்கும் நீருக்கு எடை தெரிவதில்லை. காற்சட்டையில் நிறைந்த நீரின் சுமை, அதை அணிந்தவர் கரையேற முயலும்போதுதான் உணரப்படும். நீரின் அழுத்தம் துணியைக் காலோடு ஒட்டச்செய்து காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிவிடுவதால், எஞ்சும் சிறிதளவு காற்று யாரையும் கவிழ்க்கப் போதாது. அமெரிக்கத் தூண்டிலாளரும் திரைப்பட இயக்குநருமான லீ உல்ஃப் 1947-இல் நீர்புகாக் காற்சட்டையோடு ஒரு பாலத்திலிருந்து பேட்டன்கில் ஆற்றில் குதித்து, மேலெழுந்து நீந்திக் காட்டினார்.

இங்கிலாந்தில் இந்த அச்சத்தைப் போக்கும் பணியைத் தம் எழுத்தில் முன்னெடுத்தவர் ஹியூ ஃபால்கஸ். 1951-இல் அயர்லாந்தின் அக்கில் தீவருகே சுறா வேட்டைப் படமெடுக்கையில் படகு மூழ்கியபோது, உதவி தேடிக் கரைக்கு நீந்திச் சென்ற அவர் மட்டுமே பிழைத்தார். அவருடைய மனைவியும் உடனிருந்தவர்களும் மாண்டனர். நீரில் விழுந்தவர் என்ன செய்ய வேண்டும் என்று அவர் பிற்காலத்தில் தம் மீன்பிடி நூல்களில் எழுதியதைப் படிப்பவர் இந்த இழப்பை மறக்க இயலாது. ஓட்டத்தை எதிர்க்காமல் மல்லாந்து மிதந்து, பாதங்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, கைகளால் துழாவியபடி மெல்லக் கரைசேர வேண்டும் என்பதே இத்துறையினர் அனைவரும் இன்று ஒப்பும் முறை. எழுந்து நிற்க அவசரப்படக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், முதுகில் மோதும் நீர் உடலை முன்னே சாய்த்து இடுப்பளவு நீரிலேயே முகத்தை மூழ்கடித்துவிடும்.

பொய்யான அச்சம் அகன்றது நன்மையே. ஆயினும் குதித்துக் காட்டியவர்கள் மனத்தாலும் மூச்சாலும் தயாராக இருந்தவர்கள். தவறி விழுபவர் அப்படியல்ல. டே ஆற்றில் சால்மன் பருவம் ஜனவரி 15-லும், டுவீடில் பிப்ரவரி 1-லும், ஸ்பேயில் பிப்ரவரி 11-லும் தொடங்குகிறது. அப்போது நீர் உறைநிலைக்குச் சற்றே மேலிருக்கும். பிரித்தானியக் கடற்படை மருத்துவர் ஃபிராங்க் கோல்டனும் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டனும் செய்த ஆய்வுகள், ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரில் திடீரென விழுபவர் தம்மையறியாமல் மூச்சை இழுத்துத் திணறுகிறார் என்றும், அந்தக் கணத்தில் வாய் நீருக்குள் இருந்தால் அதுவே கொல்லப் போதும் என்றும் நிறுவின. குளிர்அதிர்ச்சி எனப்படும் இத்திணறல் ஓரிரு நிமிடங்களில் தணியும். அதைத் தாண்டியவரின் கைகால்கள் அடுத்த சில நிமிடங்களில் வலுவிழக்கத் தொடங்கும். உடல்வெப்பம் அபாயகரமாகக் குறைய அரைமணி நேரமாவது ஆகும். குளிரில் உறைந்து இறந்ததாக முன்பு எண்ணப்பட்ட பலர் உண்மையில் முதல் சில நிமிடங்களிலேயே இறந்தவர்கள் என்பது இதன் கடுமையான முடிவு. பிரித்தானியாவின் அரச உயிர்காப்புப் படகு நிறுவனம் 2017 முதல், விழுந்தவர் நீந்த முயலாமல் முதலில் மிதக்க வேண்டும் என்று பரப்பி வருவதும் இவ்வறிவின் விளைவே.

இருபதாம் நூற்றாண்டு ஆற்றிலேயே ஒரு புதிய ஆபத்தை ஏற்படுத்தியது. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் வெள்ளை ஆற்றின் குறுக்கே புல் ஷோல்ஸ் அணை 1951-இல் எழுந்தபின், நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து மின்னுற்பத்திக்காக வெளியேறிய குளிர்நீர், வெதுநீர் மீன்களை விரட்டி, வளர்ப்புக் குளங்களிலிருந்து விடப்பட்ட டிரவுட் மீனுக்கு உகந்த ஆற்றை உருவாக்கியது. மீனோடு தூண்டிலாளரும் திரண்டனர். மேகமற்ற வானின் கீழ், மின்தேவை உயரும் நேரத்தில் அங்கு ஆறு ஏறும். சருகும் மழையும் முன்னறிவிக்காத இவ்வெள்ளத்துக்கு அபாயச் சங்கும் நீர்திறப்பு அட்டவணையும் மட்டுமே எச்சரிக்கை. மேட்டூர் திறக்கும் செய்தி கேட்டுக் காவிரிக் கரையிலிருந்து மேடேறப் பழகிய தமிழ் வாசகர்களுக்கு இது புதிதன்று.

ஃபெல்ட் அடியின் பிற்கால வரலாறு, ஆற்றின் நலமும் மனித உயிரும் மோதிய அரிய நிகழ்வு. பாறைகளில் சேறுபோல் படரும் டிடிமோ என்னும் நுண்பாசி நியூசிலாந்தின் வையாவ் ஆற்றில் 2004-இல் காணப்பட்டது. நீரை உறிஞ்சி எளிதில் உலராத ஃபெல்ட் அதை ஆறுவிட்டு ஆறு கடத்தும் எனக் கருதி அந்நாடு 2008-இல் ஃபெல்ட் அடியைத் தடைசெய்தது. அமெரிக்காவின் வெர்மான்ட், மேரிலாந்து, அலாஸ்கா முதலிய மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ரப்பர் அடியில் கடின உலோகக் குமிழ்கள் பதித்த காலணிகள் மாற்றாக வந்தன. வயது முதிர்ந்த தூண்டிலாளர் பலர் அவற்றை நம்பவில்லை. பாசிப் பரவலுக்குத் தூண்டிலாளரே காரணம் என முதலில் ஐயுற்ற கனடிய அறிவியலாளர் மாக்ஸ் பாத்வெல், நீரில் பாஸ்பரஸ் குறைவதே அது பெருகப் பல இடங்களில் காரணம் என்று பின்னர் சக ஆய்வாளர்களுடன் எழுதினார். வெர்மான்ட் தன் தடையை நீக்கிக்கொண்டது. ஆயினும் நியூசிலாந்தின் முடிவு குறை கூறத்தக்கதன்று: தீவு நாடு ஒன்று தன் ஆறுகளைக் காக்க முன்னெச்சரிக்கையாக நடந்துகொண்டது. காலணியை ஆற்றுக்கு ஆறு கழுவி உலர்த்தும் பழக்கம் அதனால் பரவியதும் ஒரு பயன்.

1990-களில் மூச்சுவிடும் துணியாலான மெல்லிய காற்சட்டைகள் வந்தபின் நெடுநேரம் நீரில் நிற்பது மேலும் எளிதாயிற்று. உள்ளே நீர் விரைந்து புகாதபடி இடுப்பில் இறுக்கும் பட்டையும், மெல்லிய வார்போல் கழுத்தில் கிடந்து விழுந்தவுடன் வாயுவால் ஊதிக்கொள்ளும் உயிர்காப்பு உடுப்பும் இன்று கிடைக்கின்றன. ஸ்காட்லாந்தின் பல ஆற்றுப்பகுதிகளில் உரிமையாளர்கள் அவ்வுடுப்பை வற்புறுத்துகின்றனர். கருவிக்கு இப்போது பஞ்சமில்லை. நீர்புகாக் காற்சட்டையை எந்தக் கடையிலும் வாங்கலாம். மிதக்கும் முறையை எந்தக் கடையும் விற்பதில்லை. ஆற்றில் இறங்க உரிமச்சீட்டு விற்கும் அரசுகளும் அனுமதிச்சீட்டு விற்கும் உரிமையாளர்களும், அச்சீட்டோடு நீர்திறப்பு நேரத்தையும், விழுந்தவர் மல்லாந்து மிதக்கும் பயிற்சியையும் சேர்த்தே வழங்க வேண்டும்.