கடலை நோக்கி நகரும் சாலைகள்: மரினா கரையில் தெருக்கள் ஏன் மூடப்படுகின்றன?

கேவனா பாலத்தில் ஏறும் இடத்தில் பழைய அறிவிப்புப் பலகை ஒன்று இன்றும் இருக்கிறது. மூன்று ஹன்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 152 கிலோகிராமுக்கு, மேற்பட்ட எடையுள்ள வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் பாலத்தில் செல்லக் கூடாது என்கிறது அது. சுற்றுப்பயணிகள் அதைப் படமெடுத்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். இன்று மரினா கரைக்குப் போகும் வழியில் நாம் காணும் ‘சாலை மூடப்பட்டுள்ளது’ பலகைகளுக்கு அதுதான் மூத்தது.

1869ல் கட்டப்பட்டது அந்தப் பாலம். இரும்புப் பாகங்கள் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தன. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இங்கு செய்து முடித்த கடைசிப் பெரிய வேலை அது என்று சொல்லப்படுகிறது. அந்தக் கைதிகளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். நகரம் வளர, பாலத்தால் போக்குவரத்தைத் தாங்க முடியவில்லை. 1910ல் கடல் பக்கமாக ஆண்டர்சன் பாலம் வந்தது. கேவனா பாலம் இடிக்கப்படாமல் நடப்பவர்களுக்கென விடப்பட்டது.

அதன்பின் ஆண்டர்சன் பாலத்துக்கும் அதே கதை. 1997ல் இன்னும் கடலோரமாக எஸ்பிளனேட் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. மரினா சென்டருக்கும் ஷென்டன் வேக்கும் இடையிலான வாகன ஓட்டம் அதன் வழியாகப் போகத் தொடங்கியது. அந்தப் பாலத்தால் இடம் பெயர்ந்தவர்களில் மெர்லயனும் உண்டு. 1972 முதல் ஆற்று முகத்துவாரத்தில் நின்ற சிலையைப் புதிய பாலம் மறைத்துவிட்டது. ஆகவே 2002 ஏப்ரலில் அதை 120 மீட்டர் தள்ளி, இப்போதிருக்கும் இடத்துக்கு மாற்றினார்கள்.

பாலங்களில் நடந்தது கரையோரச் சாலைகளிலும் நடந்திருக்கிறது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் உள்ள நாகூர் தர்காவை, 1828க்கும் 1830க்கும் இடையில், தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியபோது அதன் வாசலில் கடல் இருந்தது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் நன்றி செலுத்திய இடம் அது. 1880களில் முடிந்த கடல் நிரப்புப் பணி கரையைத் தள்ளிவைத்தது. பீச் ரோட்டின் பெயரில் மட்டும் கடற்கரை மிஞ்சியிருக்கிறது. 1956ல் மெர்டேக்கா பாலத்துடன் திறக்கப்பட்ட நிக்கல் நெடுஞ்சாலை ஒரு காலத்தில் கடலைப் பார்த்தபடி ஓடியது. இப்போது அதன் கடல் பக்கத்தில் மரினா சென்டரின் ஹோட்டல்கள் நிற்கின்றன. 1981ல் பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம், 2013ல் மரினா கரையோர விரைவுச்சாலை என்று வரிசை கடலை நோக்கியே போகிறது.

இந்த நிலத்தின் தன்மை தெரிந்தால்தான் சாலைகள் ஏன் இவ்வளவு காலம் மூடப்படுகின்றன என்பது விளங்கும். நிரப்பிய மண்ணுக்கு அடியில் இருப்பது மென்மையான கடற்களிமண். அதில் மேலிருந்து திறந்து தோண்டும்போது, குழியின் இருபுறமும் சுவர் இறக்கி, இடையில் எஃகுத் தாங்குகம்பங்கள் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்பாக மின்கம்பிகள், தண்ணீர்க் குழாய்கள், கழிவுநீர்க் குழாய்கள் ஆகியவற்றை ஓரமாக மாற்ற வேண்டும். “ஒன்றும் கட்டக் காணோம், அதற்குள் தடம் அடைத்துவிட்டார்களே” என்று டாக்சியில் கேட்கும் புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த முன்வேலைதான். பிறகு வாகனங்களை ஒரு பக்கம் திருப்பி மறுபக்கத்தைத் தோண்டுவார்கள். அதை மூடியதும் வாகனங்கள் அங்கே மாறும். முதல் பக்கம் தோண்டப்படும். ஒரே சந்திப்பு இரண்டு மூன்று முறை இடம் மாறுவது இதனால்தான்.

அந்தக் களிமண்ணைக் குறைத்து மதிப்பிட்டால் என்ன ஆகும் என்பதை 2004 ஏப்ரல் 20 காட்டியது. வட்ட ரயில் பாதைக்காக நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டித் தோண்டிய, சுமார் 30 மீட்டர் ஆழக் குழியின் தாங்குகம்பங்கள் பிற்பகலில் முறிந்தன. சாலையின் ஒரு பகுதி உள்ளே சரிந்தது. ஊழியர்கள் நால்வர் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 4 வரை நெடுஞ்சாலை திறக்கப்படவில்லை. நிக்கல் நெடுஞ்சாலை நிலையமே வேறிடத்தில்தான் கட்டப்பட்டது. சாலை மூடலால் பத்து நிமிடம் தாமதமாகும்போது எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் அந்த வேலித் தகரத்துக்குப் பின்னால் ஆழத்தில் நிற்பவர்களில் நம்மூர்களிலிருந்து வந்த தம்பிமார் பலர் இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஐந்து கிலோமீட்டர் நீள மரினா கரையோர விரைவுச்சாலையின் ஒரு பகுதி கடலடியில் செல்கிறது. சுமார் 4.3 பில்லியன் வெள்ளி செலவில் அதை ஏன் நிலத்தடியில் கட்ட வேண்டும்? ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலை மரினா சவுத் வட்டாரத்தை இரண்டாக வெட்டியபடி ஓடியது. அதை அகற்றினால்தான் புதிய நகர மையத்துக்கு இடம் கிடைக்கும். 2013 டிசம்பர் 29ல் சுரங்கச் சாலை திறக்கப்பட்டதும் பழைய விரைவுச்சாலையின் அந்தப் பகுதி சாதாரணச் சாலையாகி, ஷியர்ஸ் அவென்யூ ஆனது. மறுநாள் திங்கட்கிழமை காலை நகருக்குப் பிரியும் இடங்களில் வாகனங்கள் தேங்கி நின்றதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். வரைபடத்தில் சரியாக இருந்த வழி, சாலையில் சரியாகச் சமிக்ஞை விளக்கு நேரங்களைத் திருத்த வேண்டியிருந்தது.

கட்டுமானம் பந்தயத்தையும் விடவில்லை. மிதக்கும் மேடை இருந்த இடத்தில் என்எஸ் சதுக்கம் கட்டும் பணிக்காக, 2023ல் ஃபார்முலா ஒன் தடத்தில் நான்கு திருப்பங்கள் நீக்கப்பட்டன. திருப்பங்கள் 23லிருந்து 19 ஆயின. பந்தயத்தால் வேறொரு பலனும் உண்டு என்பது என் எண்ணம். 2008 முதல் பந்தயம் நடந்த ஆண்டுகளில் ஆண்டர்சன் பாலமும் கன்னாட் டிரைவும் சில நாள்கள் மூடப்பட்டன. நகரம் நின்றுவிடவில்லை. அண்மை ஆண்டுகளில் அவ்விரண்டையும் நடப்பவர்களுக்கு ஒதுக்கும் முயற்சிக்கு அந்த அனுபவம் கைகொடுத்திருக்கும்.

கன்னாட் டிரைவை நடந்தே கடக்க நமக்குத் தனிக் காரணம் இருக்கிறது. அதன் ஓரத்து எஸ்பிளனேட் பூங்காவில், இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னம் நின்ற இடத்தைக் குறிக்கும் கல் உள்ளது. 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ் படை சில மாதங்களுக்குள் தகர்த்தது. அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்திருந்தார்கள். காரில் போகும்போது அந்தக் கல் கண்ணில் படாது.

ஆனால் சாலையை மூடிவிட்டால் மட்டும் போதாது. வாகனமோட்டிகளுக்கு மாற்றுவழி வரைபடம் வருகிறது. நடப்பவருக்குப் பெரும்பாலும் ஓர் அம்புக்குறி. பேருந்து நிறுத்தம் தள்ளிப்போனால் காருக்கு இரண்டு நிமிடம், முழங்கால் வலியுள்ள பாட்டிக்குக் கால்மணி நேரம். தார் அகற்றிய இடத்தில் மரம் நிழல் கொடுக்கும்வரை நண்பகலில் அங்கே யாரும் நடக்கப் போவதில்லை.

போய்ப் பார்க்க விரும்புவோர் காலை எட்டு மணிக்கு முன்போ, மாலை ஆறுக்குப் பிறகோ போகலாம். தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்கி, நாகூர் தர்காவிலிருந்து கேவனா பாலம், ஆண்டர்சன் பாலம், கன்னாட் டிரைவ் என்று நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் கல்லை எட்டிவிடலாம். பந்தயக் காலத்திலும் தேசிய தின ஒத்திகை நாள்களிலும் கரையோரப் பாதைகள் அடைக்கப்படும் என்பதால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.