ஏற்காட்டில் பழுத்து, சமவெளியில் காய்ந்து

ஏற்காட்டுக் காபியின் கதையை எழுதுகிறவர்கள் நாற்றிலிருந்துதான் தொடங்குவார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார், பேரியும் ஆப்பிளும் கூடவே வந்தன, கிரேஞ்ச் எஸ்டேட் எழுந்தது என்று அது போகும். (ஆளுநர் தாமஸ் மன்றோ 1842இல் இந்த மலையைக் கண்டறிந்தார் என்றொரு தகவலும் சுற்றுலாக் குறிப்புகளில் உலவுகிறது. மன்றோ 1827இலேயே காலராவில் இறந்துவிட்டார்.) யார் நட்டார் என்பதற்கு இத்தனை மை செலவழித்தவர்கள், பறித்த பழத்தை எங்கே எப்படிக் காயவைத்தார்கள் என்று அதிகம் கேட்டதில்லை. இந்த மலையின் காபி வணிகத்துக்கு உருவம் கொடுத்ததில் நாற்றைவிட ஈரத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

மழைக் கணக்கைப் பார்த்தாலே இது பிடிபடும். பாபாபுடன் மலையிலும் குடகிலும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் அரபிகா பழுக்கிறது. அறுவடைக்குப் பெரும்பாலும் வெயில் துணை நிற்கும். சேர்வராயன் நிலைமை வேறு. கடல் மட்டத்துக்கு மேல் 900 முதல் 1,500 மீட்டர் வரை காபி வளரும் இந்த மலைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இன்னொரு முறை வருகிறது. பழம் சிவக்கிற நேரமும் மேகம் இறங்குகிற நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. பல்ப்பரில் வெளித்தோல் நீக்கி, கழுவி எடுத்த, உள்ளோடு நீங்காத பார்ச்மென்ட் காபியின் எடையில் பாதி தண்ணீர்தான். அதைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவர நல்ல வெயிலில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். மூட்டம் போட்டால் இந்தக் கணக்கு நிற்காது.

காற்றின் குணம் அப்படி. 15 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 13 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 25 டிகிரியில் அதுவே 23 கிராம் தாங்கும். பனிமூட்டத்தில் ஏற்காட்டுக் காற்று ஏற்கெனவே நிறைந்து நிற்கிறது, காபியிலிருந்து எடுத்துக்கொள்ள அதில் இடமில்லை. அதே காற்று சமவெளி வெப்பத்துக்குச் சூடேறினால் ஏறத்தாழ பாதி காலியாகிவிடும். பட்டறையில் கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும்: அமுக்கிய சூடான காற்று டாங்கியிலும் குழாயிலும் குளிரும்போது தண்ணீராகச் சொட்டும், அதைத் தினமும் அடித்திருகைத் திறந்து வடித்துவிடாவிட்டால் பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கியில் வந்து துப்பும். மலையில் அப்படித் திறந்துவிட ஒரு திருகு இல்லை. காபியைத்தான் வேறு காற்றுக்கு நகர்த்த வேண்டும்.

களத்து வேலை முழுக்க இந்தச் சிக்கலைச் சுற்றியே அமைந்தது. பார்ச்மென்ட்டைச் சில அங்குலத்துக்கு மேல் தடிமனாகப் பரப்பக் கூடாது. பகலில் அடிக்கடி பலகையால் கோதிப் புரட்ட வேண்டும். பொழுது சாயும் முன்பே குவித்து மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலெல்லாம் போன ஈரம் இரவுப் பனியில் திரும்பி வரும். அதற்காக முதல் நாள் ஈரத்தோடு இறுக்கி மூடினால் குவியல் உள்ளுக்குள் சூடேறிப் புளித்துவிடும். மூடாமலும் கெடும், மூடியும் கெடும் என்ற இந்த இடுக்கில்தான் களத்தாட்களின் கைத்தேர்ச்சி இருந்தது. காய்ந்ததா என்று அறியும் முறையில் எனக்கு மதிப்பு உண்டு. ஒரே அளவுப் பாத்திரத்தில் அள்ளி எடை பார்க்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்தது. தோலோடு காயும் செர்ரியைக் கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும்.

நெருப்பு மூட்டிக் காயவைத்திருக்கலாமே என்று கேட்கலாம். முயன்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் கிளெரிஹியூ என்ற தோட்டக்காரர், விசிறிகளால் காற்றை இழுத்து, காபி பரப்பிய தட்டுகள் வழியாகச் சூடான காற்றைச் செலுத்தும் கிடங்கு ஒன்றை வடிவமைத்தார். அது புகழும் பெற்றது. ஆனாலும் இலங்கை மலைக் காபி கொழும்புக்கு வண்டியேறி, அங்கே வெயில் களங்களில் மறுபடி காய்ந்த பிறகே உள்ளோடு உரிக்கப்பட்டது. புகை மணம் பிடிப்பது, வெப்பம் சீராக நில்லாமல் பார்ச்மென்ட் வெடிப்பது, விறகுச் செலவு எல்லாம் சேர்ந்து, மலையில் அரைகுறையாக உலர்த்திக் கீழே அனுப்பி முடிப்பதையே லாபமாக்கின. தமிழ்நாட்டிலும் அதே வரைபடம்தான். கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1861இல் தொடங்கிய தொழில் காபிப் பதப்படுத்தலில்தான் கால் ஊன்றியது. பழனி மலைக்குக் கீழே பட்டிவீரன்பட்டி, மேற்கே போடி என்று கியூரிங் ஒர்க்ஸ் எனும் பதப்படுத்தும் ஆலைகள் அமைந்த ஊர்களெல்லாம் வெயில் அடிக்கிற அடிவாரங்கள்.

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, இதற்கெல்லாம் காரணம் ரயில்தான் என்பது. சென்னையிலிருந்து பேப்பூர் வரை 1862இல் முடிந்த பாதை சேலம் வழியாகப் போயிற்று. இயந்திரமும் முதலும் ரயிலடியில் குவிவது இயல்பு. உண்மைதான், ரயிலின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் கொழும்புக் களங்கள் இலங்கையில் ரயில் ஓடுவதற்கு முன்பே, மாட்டுவண்டிக் காலத்திலேயே நடந்தன. ரயில் வழியைச் சுலபமாக்கியது, அவ்வளவே. இரண்டாவது மறுப்பு கனமானது: மங்களூரும் கோழிக்கோடும் வியர்த்துக் கொட்டும் கடற்கரை ஊர்கள், அங்கேயும் கியூரிங் நடந்ததே? விடை மாதத்தில் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அந்தக் கரையில் மழை அரிது, வெயில் கடுமை. ஜூன் மழைக்குள் வேலையை முடித்தாக வேண்டும். காபியை வேண்டுமென்றே பருவக்காற்றில் ஊறவிட்டு மஞ்சளாக்கி விற்கும் ‘மான்சூன்’ காபியும் அதே கரையின் சரக்குதான். ஆனால் அதுகூட முதலில் நன்றாகக் காய்ந்த காபியில் மட்டுமே செய்ய முடிகிற வேலை.

இந்த ஈரத்தின் விலையைக் கொடுத்தது மலைதான். கழுவிய காபிக்குப் பல்ப்பர், தண்ணீர், சிமென்ட் களம், கூரை எல்லாம் வேண்டும். பெரிய எஸ்டேட்டால் முடிந்தது. சிறு விவசாயி பழத்தை அப்படியே காயவைத்துச் செர்ரியாக விற்றார். அதற்கு நல்ல வெயிலிலேயே இரண்டு வாரம் வரை பிடிக்கும். ஆக, வசதி குறைந்தவர் கையில்தான் காய அதிக நாள் எடுக்கும் காபி இருந்தது, அதுவும் பெரும்பாலும் மண் களத்தில். 1942 சட்டத்தால் வந்த காபி போர்டின் பொதுத்தொகுப்பு முறையில் கீழே இருந்த கியூரிங் நிலையமே சரக்கை வாங்கித் தரம் பிரித்தது. 1990களில் அந்த முறை விலகியதும் ஈரத்தின் பொறுப்பு நேரே விவசாயியின் தலையில் இறங்கியது. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் வறுத்த காபியில் ஆக்ரடாக்சின் என்ற பூசண நஞ்சுக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. அந்த நஞ்சு உருவாவது சரியாகக் காயாத காபியில். அதனால் இன்று வியாபாரி சாக்கைத் திறந்தவுடன் ஈரமானியைத்தான் முதலில் வைக்கிறார். அதில் முள் ஏறினால் விலை இறங்குகிறது, டிசம்பர் மழை யார் களத்தில் பெய்தது என்று அவர் கேட்பதில்லை.