கழிவுநீர் உட்செலுத்துக் கிணறுகள்: ஒழுங்குமுறை

கழிவுநீர் உட்செலுத்துக் கிணறு என்பது எண்ணெய், எரிவாயு எடுக்கும்போது கூடவே மேலேறும் உப்புநீரைத் திரும்பவும் பூமியின் ஆழத்துக்கு அனுப்பும் கிணறு. எண்ணெய் வயல் பழையதாக ஆக எண்ணெய் குறைந்து இந்நீர் கூடும்.

அமைப்பு

பிசுக்கும் மிதக்கும் திடப்பொருளும் பிரிக்கப்பட்ட நீர், நுண்துளைப் பாறை அடுக்குக்குள் அழுத்தத்தோடு செலுத்தப்படுகிறது. அதற்கும் மேலுள்ள நன்னீருக்கும் இடையே எஃகு உறைக்குழாய், அதைச் சுற்றிய சிமென்ட், நீர் புகாத களிப்பாறை ஆகியவை தடுப்பாக நிற்கின்றன.

இந்தியச் சட்டம்

நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 1974இன்படி, கிணற்றில் கழிவு விடவும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986, கைவிடப்பட்ட கிணற்றில் 1,000 மீட்டருக்குக் கீழே மட்டுமே செலுத்த அனுமதிக்கின்றன. அப்போது சோதிக்கப்படுபவை இரண்டே: லிட்டருக்கு மிதக்கும் திடப்பொருள் 100 மி.கி., எண்ணெய்ப் பிசுக்கு 10 மி.கி. நிலத்தின்மேல் விடும் நீருக்குக் குளோரைடு 600 மி.கி. உட்பட நீண்ட பட்டியல் உண்டு. ஆழத்துக்குப் போகும் நீரின் உப்புக்கு வரம்பில்லை. எனவே பாதுகாப்பு கிணற்றின் ஆழத்தையும் கட்டுமானத்தையும் சார்ந்தது. எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறைகள், 2017இன்கீழ் கிணற்றின் பாதுகாப்பைச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் கவனிக்கிறது. நீர் ஒரு துறையிடம், கிணறு இன்னொரு துறையிடம்.

காவிரிப் படுகை

நரிமணம், கமலாபுரம், குத்தாலம் உள்ளிட்ட இடங்களில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய், எரிவாயு எடுத்துவருகிறது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் கச்சா எண்ணெய் வயலில் பரவியது. கசிந்தது குழாய், உட்செலுத்துக் கிணறன்று. ஆயினும் நிலத்தடி நீர் பற்றிய அச்சம் போராட்டமாக வலுத்தது. 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய துளையிடலைத் தடுத்தது. முன்பே இயங்கியவற்றைத் தொடவில்லை. அவற்றின் கழிவுநீருக்கு மேற்கண்ட விதிகளே காப்பு.

பிற நாடுகள்

அமெரிக்காவில் இவை 1974ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின்கீழ் ‘இரண்டாம் வகுப்பு’க் கிணறுகள், ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கசிவுச் சோதனை கட்டாயம். 2016 செப்டம்பர் 3 அன்று ஓக்லஹோமாவின் பாவ்னீயில் 5.8 அளவில் நிலம் அதிர்ந்ததும், உட்செலுத்தலே காரணமாக இருக்கலாம் என்பதால் சுற்றுவட்டாரக் கிணறுகளை மூட மாநில அரசு உத்தரவிட்டது. செலுத்தும் அளவும் அழுத்தமும் கண்காணிக்கப்படுகின்றன.

குமரி மாவட்டம்

பூதப்பாண்டி, தோவாளை வட்டாரங்களின் அடித்தளம் தொன்மையான கெட்டிப்பாறை. எண்ணெய் தேங்கும் படிவுப்பாறை இல்லாததால் அங்கு இத்தகைய கிணறுகள் இல்லை. ஆனால் குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் ஓ.என்.ஜி.சி.க்கு ஆய்வுத் தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. மேற்கண்ட 1986 விதிகளின்படி, கடலில் எண்ணெய் எடுக்கும்போது அங்கேயே விடும் கழிவுநீரில் எண்ணெய், 95 விழுக்காடு அளவீடுகளில் லிட்டருக்கு 40 மி.கி.யைத் தாண்டக் கூடாது. எந்த அளவீட்டிலும் 100 மி.கி.யை மீறக் கூடாது.